மரத்துப்போன பாதத்துக்கு ஸ்மார்ட் சாக்ஸ் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் குடியாத்தம். அப்பாவுக்கு 61 வயது. சின்ன வயதிலிருந்தே குழித்தறியில் லுங்கி நெய்கிறார். சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. போன வருடம் வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண் வந்து, ஆறுவதற்கு நான்கு மாதம் பிடித்தது. முள் குத்தினால்கூடத் தெரியவில்லை என்கிறார். இப்போது ஒரு விற்பனையாளர் வீட்டுக்கே வந்து, நூலுக்குள் சென்சார் வைத்து நெய்த சாக்ஸ் ஒரு ஜோடி, பனியன் ஒன்று, இரண்டும் சேர்த்து 38,000 ரூபாய் என்கிறார். புண் வருவதற்கு முன்பே சாக்ஸ் செல்போனில் சொல்லிவிடுமாம். பனியன் இதயம், பி.பி., சர்க்கரை மூன்றையும் காட்டுமாம். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்தே அப்பாவைக் கவனித்துக்கொள்ளலாமே என்று ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா? ‘துணிதானே, நம்ம தறியிலேயே நெய்ய முடியாதா?’ என்று தம்பி வேறு கேட்கிறான்.
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில் அளிப்பவர்: துணி சென்சார்களில் பணியாற்றும் ஓர் உயிர்மருத்துவப் பொறியாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பனியன் வேண்டவே வேண்டாம். சாக்ஸ் இப்போதைக்கு வேண்டாம். தம்பியின் கேள்விக்கு மட்டும் ‘முடியும்’ என்பது என் பதில், ஆனால் அவர் நெய்ய வேண்டியது சாக்ஸ் அல்ல. துணிக்குள் சென்சார் வைக்கும் வேலைதான் என் தொழில். இந்தத் துறை நம் ஊர்களில் வேரூன்ற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனாலேயே ஒரு நெசவாளர் வீட்டின் 38,000 ரூபாய் தவறான பொருளுக்குப் போய்விடக் கூடாது என்ற பதைப்போடு எழுதுகிறேன்.

பனியன் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தோலைத் துளைக்காமல், வெறும் துணியால் ரத்தச் சர்க்கரையை நம்பும்படி அளக்க இன்றைக்கு வழியில்லை. அப்படி அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் கைக்கடிகாரம், மோதிரம் எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு 2024 பிப்ரவரியில் பொதுமக்களை எச்சரித்தது. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து என்பதுதான் அதற்குக் காரணம். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க, கையில் ஒட்டிக்கொள்ளும் சி.ஜி.எம். கருவி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது மெல்லிய இழை ஒன்றைத் தோலுக்கு அடியில் செலுத்தி, அங்குள்ள நீர்மத்தில் அளக்கிறது. பனியன் தோலுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

பி.பி.யிலும் இதே சங்கடம் உண்டு. நாடித்துடிப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரும் நேரத்தை வைத்து பி.பி.யைக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பட்டைக் கருவியோடு ஒப்பிட்டு அவ்வப்போது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எண்ணை நம்பி டாக்டர் மருந்து எழுத முடியாது. மேல்கையில் பட்டை கட்டும் சாதாரண கருவி ஒன்றை வாங்கி வைத்து, அம்மாவை எண்ணைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அது போதும்.

இதயத் துடிப்பை மட்டும் துணியால் நன்றாகவே பிடிக்கலாம். மார்பின் மேல் கிடைக்கும் இதய மின்துடிப்பு ஒரு மில்லிவோல்ட் அளவுதான். வெள்ளி பூசிய நைலான் நூலில் நெய்த ஒரு பட்டை தோலோடு ஒட்டி நின்றால் அதை வாங்கிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் தடவும் ஜெல் இல்லாத குறையை வேர்வை ஓரளவு தீர்த்துவிடும், வேலூர் வெயிலில் வேர்வைக்கும் குறைவில்லை. ஆனால் உங்கள் அப்பா தறியில் உட்கார்ந்து ஒரு கையால், நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் கயிற்றை இழுத்து, இன்னொரு கையால் அச்சுப் பலகையை அடிக்கிறாரே, அந்த நேரம் முழுவதும் மார்புத் தசைகளும் மின்துடிப்பை எழுப்பும், பனியனும் தோலின் மேல் நகரும். எந்த நேரத்துக்குக் கண்காணிப்பு தேவையோ அந்த நேரத்துக் கோடுதான் கலங்கிப்போகும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். காரணமில்லாமல் மூச்சு வாங்கி, உடம்பெல்லாம் வேர்த்து, தாடையோ கையோ இறுக்கினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பா என்று பார்க்க 12 லீடு ஈ.சி.ஜி. வேண்டும். இரண்டு பட்டை வைத்த பனியன் ‘நார்மல்’ என்று காட்டுகிறதே என்று அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

சாக்ஸ் அப்படியல்ல. அதன் பின்னால் உண்மையான மருத்துவம் இருக்கிறது. அதில் ஒரு பங்கு உங்கள் மாவட்டத்தில் பிறந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அழிந்துபோவதை எல்லாரும் நோய் தின்கிறது என்று நம்பியிருந்த காலம் அது. நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமல், அவர்களே அறியாமல் படும் காயங்கள்தான் அந்த உறுப்புகளை அழிக்கின்றன என்பதை அவர் வேலூரிலும், 1955-ல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியிலும் செய்த வேலையால் நிறுவினார். அந்தப் பாதங்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்பு இந்தப் பக்கம்தான் உருவாகிப் பரவியது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறார்களே, அதேதான். 1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே செய்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரே வருகிறது. அழுத்தம் பட்டால் உடையும் நுண்ணிய சாயக் குமிழ்களைப் பதித்து ஒரு சாக்ஸ் செய்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கழற்றினால், எந்த இடத்தில் பாரம் அதிகமோ அந்த இடத்தில் சாயம் அழுத்தமாக ஏறியிருக்கும். பேட்டரியும் செல்போனும் இல்லாத ஒரு ஸ்மார்ட் சாக்ஸ் அது.

பிராண்ட் கண்டுசொன்னவற்றில் இரண்டு உங்கள் அப்பாவுக்கு மிகவும் பொருந்தும். ஒன்று, மரத்த காலைப் புண்ணாக்குவது எப்போதும் ஆணியோ கண்ணாடியோ அல்ல. சாதாரண அளவு அழுத்தமே ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் உள்ளே சதை நைந்து வீங்கத் தொடங்கும். வலி தெரிகிற நாம் நம்மை அறியாமலே காலை மாற்றி வைத்துக்கொள்வோம், மரத்த கால் அதே இடத்தில் ஊன்றிக்கொண்டே இருக்கும். இரண்டு, தோல் கிழிவதற்குச் சில நாள் முன்பே அந்த இடம் சுடும்.

இந்தச் சூட்டைத்தான் இன்றைய சாக்ஸ் தேடுகிறது. அமெரிக்காவில் விற்பனையில் உள்ள ஒன்றில் ஒவ்வொரு பாதத்துக்கும் ஆறு இடங்களில் வெப்ப சென்சார் இருக்கிறது. சென்சாரை நூலுக்குள் எப்படி வைப்பார்கள் என்று தம்பிக்கு ஆவலாக இருக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் மிகச் சிறிய தெர்மிஸ்டரை மெல்லிய செம்புக் கம்பியில் பற்றவைத்து, சுற்றிப் பிசின் பூசி, அதன் மேல் சாதாரண இழைகளை உறைபோலப் பின்னிவிடுகிறார்கள். வெளியே பார்த்தால் சற்றே பருத்த நூல், அவ்வளவுதான். வேறு வகைகளும் உண்டு. இழுத்தால் மின்தடை மாறும் கரி கலந்த இழைகள் மூச்சையும் மூட்டு மடக்கையும் அளக்கப் பயன்படும். அமுக்கினால் மின்னழுத்தம் தரும் பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் இழை நாடித்துடிப்புக்கு நல்லது, ஆனால் அழுத்தம் மாறுகிற கணத்தில் மட்டுமே பேசும், ஒரே பாரத்தை வைத்துக்கொண்டு நின்றால் மௌனமாகிவிடும். வளைந்தால் உள்ளே போகும் ஒளி மாறுகிற ஒளியிழைகளுக்கு மின்காந்தத் தொந்தரவு கிடையாது, அதனால் எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளேயே மூச்சைக் கண்காணிக்க உதவும். இவற்றில் எதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எல்லாம் நல்ல பொறியியல்.

ஆனால் உங்கள் அப்பாவின் காலை நினைத்துப் பாருங்கள். இந்தச் சாக்ஸும், காலணிக்குள் வைக்கும் அழுத்த சென்சார் தகடும் நடக்கிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் நின்றார் என்றுதான் அவற்றின் மென்பொருள் எண்ணும். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளரை அது ‘ஓய்வில் இருக்கிறார்’ என்றே எழுதிக்கொள்ளும். உண்மை என்ன? இரண்டு மீட்டர் லுங்கி என்றால் 78 அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். அங்குலத்துக்கு 60 ஊடை (குறுக்கு நூல்) என்று வைத்துக்கொண்டால் ஒரு லுங்கிக்கு ஏறத்தாழ 4,700 ஊடை. ஊடைக்கு ஒரு மிதி. இரண்டு காலும் மாறி மாறி மிதித்தாலும் ஒவ்வொரு காலுக்கும் 2,350 முறை, அதுவும் வெறுங்காலில், மிதிகட்டையின் ஒரே விளிம்பில், பாதத்தின் ஒரே இடத்தில். போன வருடம் புண் வந்த இடத்தைப் பெருவிரலுக்கு அடியில் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எந்த இடத்தை ஊன்றி மிதிக்கிறார் என்று ஒரு நாள் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு இடமும் ஒன்றாக இருந்தால் எனக்கு வியப்பாக இருக்காது. கயிற்றை விரலிடுக்கில் கோத்து மிதிக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

சாக்ஸில் எனக்குள்ள பெரிய பயம் வேறு. வெப்பம் சரியாக அளக்க வேண்டுமானால் சென்சார் தோலோடு ஒட்ட வேண்டும், அதனால் துணி இறுக்கமாக இருக்கும். நூல்கள் எல்லாம் எங்கேயாவது போய் ஒரு மின்கலப் பெட்டியில் சேர வேண்டும், அது பெரும்பாலும் கணுக்காலில் இருக்கும். இப்படிப்பட்ட ஒரு சாக்ஸைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கம்பிகள் பெட்டிக்கு ஏறும் இடத்தில், உள்பக்கமாக, விரலால் தடவினால் தட்டுப்படுகிற ஒரு முடிச்சு. உணர்வுள்ள காலுக்கு அது உறுத்தும், கழற்றி எறிந்துவிடுவோம். மரத்த கால் எதுவும் சொல்லாது. புண்ணைத் தடுக்க வாங்கிய பொருளே புண்ணைத் தரலாம். வேலூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில் நாள் முழுக்கச் சாக்ஸ் போட்டால் விரலிடுக்கு வெந்து சேற்றுப்புண் வரும். வீட்டுக்குள் வெறுங்காலோடு இருந்து பழகியவர் அதைத் தினமும் மணிக்கணக்கில் போட்டுக்கொள்வார் என்றும் நான் நம்பவில்லை.

துவைப்பதும் ஒரு பிரச்சினை. வெள்ளிக் கொலுசு உடம்பு வாகுக்குக் கறுத்துப்போகுமே, அதே வேதியியல்தான் வெள்ளி பூசிய நூலிலும் நடக்கிறது. கொலுசைத் தேய்த்து மீட்கலாம். நூலின் மேல் இருப்பது மெல்லிய பூச்சு, தேய்த்தால் பூச்சே போய்விடும். எத்தனை துவைப்பு தாங்கும், ப்ளீச் கலந்த சோப்புத்தூள் ஆகுமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, மத்திய மருந்துத் தர நிர்ணய அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ.வோ மாநில உரிம அதிகாரியோ தந்த உரிம எண்ணைக் கேளுங்கள். 2017-ம் ஆண்டின் மருத்துவ உபகரண விதிகளின்படி உபகரணங்கள் ஏ முதல் டி வரை நான்கு வகுப்பு. ஏ, பி வகுப்புகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் உரிம முறை நடைமுறையில் இருக்கிறது. நோயைக் கண்டுபிடிக்கும், கண்காணிக்கும் என்று சொல்லி விற்கும் பொருள் இந்த வளையத்துக்குள் வரும். ‘இது ஃபிட்னெஸ் பொருள்தான், மருத்துவப் பொருள் இல்லை’ என்று அவர் பின்வாங்கினால், புண்ணைத் தடுக்கும் என்ற பேச்சும் அங்கேயே முடிந்துவிட்டது.

சரி, நல்ல சாக்ஸாகவே இருக்கட்டும், உரிமமும் இருக்கட்டும். அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. செல்போனில் அலறும் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும்?

இதற்கு ஆராய்ச்சியிலேயே விடை இருக்கிறது. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே புண் வந்து ஆறிய 173 பேரை 15 மாதம் கவனித்தார்கள். பாதத்தின் ஆறு இடங்களில் தினமும் கைக்கருவியால் வெப்பம் பார்த்து, சூடு தெரிந்தால் நடையைக் குறைத்து நர்ஸுக்குத் தகவல் சொல்லச் சொன்ன குழுவில் 8.5 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி புண் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் அது 29.3 சதவீதம். அதன் பிறகு நெதர்லாந்தில் 304 பேரை வைத்து இதேபோல் செய்தபோது, மொத்தமாகப் பார்த்தால் அவ்வளவு பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை. ஆனால் சூடு தெரிந்ததும் நடமாட்டத்தை உண்மையாகவே குறைத்துக்கொண்டவர்களுக்குப் புண் குறைவாக வந்தது. சூட்டைப் பார்த்தும் வழக்கம்போல இருந்தவர்களுக்குக் கருவியால் பெரிய பயனில்லை.

உங்கள் வீட்டு நிலைமைக்கு இதை வைத்துப் பாருங்கள். அப்பாவுக்குக் கூலி லுங்கிக் கணக்கில். பாவு (நீளவாட்டு நூல்) தறியில் ஏற்றியாகிவிட்டது, இந்த வாரம் அறுத்துக் கொடுத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை சாக்ஸ் ‘வலது பாதம் சூடு’ என்கிறது. நீங்கள் சென்னையிலிருந்து போன் செய்து ‘தறியில் உட்காராதீங்கப்பா’ என்கிறீர்கள். அவர் ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலை நின்றால் கூலி நிற்கும். அதனால் முதலில் வாங்க வேண்டியது சென்சார் அல்ல, அந்த ஓய்வு நாட்கள். தறியை அந்த நாட்களில் தம்பி ஓட்ட முடியுமா? அப்பா கையால் நாடாவுக்குத் தார் நூல் சுற்றுவது, நூல் பிரிப்பது என்று காலுக்குப் பாரமில்லாத வேலைக்கு மாறிக்கொள்ள முடியுமா? நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் மாஸ்டர் வீவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க முடியுமா? 38,000 ரூபாயில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, ‘இது கால் ஓய்வுப் பணம்’ என்று அம்மா கையில் கொடுத்து வையுங்கள். அப்பா தயக்கமில்லாமல் தறியைவிட்டு எழுந்திருக்க அது உதவும்.

இனி அன்றாடம் செய்ய வேண்டியது. முதலில் கரிகிரிக்கோ சி.எம்.சி.க்கோ, இல்லை அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கோ போய்ப் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையைப் பாதத்தில் செங்குத்தாக வைத்து அது வில்லாக வளையும்வரை அழுத்துவார்கள். மோனோஃபிலமென்ட் என்று பெயர். வளைகிற கணத்தில் தோலில் படும் விசை 10 கிராம். அதை ‘தொடுறீங்க’ என்று சொல்ல முடியாத இடம் பாதுகாப்பு உணர்வை இழந்த இடம். உலகம் முழுக்கச் சர்க்கரைப் பாதத்தைச் சோதிக்கும் முதன்மையான கருவி இன்றும் இந்த ஒற்றை இழைதான். கூடவே காலில் நாடி ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அதற்கான வைத்தியமே வேறு. புண் ஆறிய ஓராண்டுக்குள் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு மறுபடி வருகிறது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் ஓர் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா நேரத்தில் வாங்கியது பரணில் கிடந்தால் அதுவே போதும், ஆனால் பொருளின் மேற்பரப்பை அளக்கும் ‘சர்ஃபேஸ்’ முறைக்கு மாற்ற வேண்டும். உடல் காய்ச்சல் பார்க்கும் முறையிலேயே வைத்தால் பாதத்துக்குச் சரியான எண் வராது. காலையில் அப்பா எழுந்ததும், வெளியே போய்க் கால் சுடுவதற்கு முன், அம்மா பார்க்கட்டும். பெருவிரல், அதன் அடிமேடு, நடுவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, பாதத்தின் நடு, குதிகால் என்று வலதுக்கு ஆறு, இடதுக்கு ஆறு. தனி எண் முக்கியமில்லை, வேறுபாடுதான் முக்கியம். வெயில் நாளில் இரண்டு காலும் சேர்ந்தே சூடாகும், அது கணக்கில் அடிபட்டுப்போகும். ஒரே இடம் ஒரு காலில் இன்னொரு காலைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் (ஃபாரன்ஹீட்டில் 4 டிகிரி) சுட்டு, மறுநாளும் அப்படியே இருந்தால், அன்றே தறி நிற்க வேண்டும், டாக்டரைப் பார்க்க வேண்டும். எண்களை அம்மா நோட்டில் எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் நீங்கள் சென்னையிலிருந்து பார்க்கலாம். நீங்கள் ஆசைப்பட்ட தூரத்துக் கவனிப்பு இதுவே. அம்மா தினமும் குனிந்து பாதத்தைப் பார்க்கிறார்கள் என்பது கூடுதல் லாபம். வெடிப்பையும் காய்ப்பையும் செருப்பில் ஏறிய ஆணியையும் சாக்ஸ் பார்க்காது.

இரண்டு விஷயங்களில் மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. காயமே இல்லாமல் ஒரு பாதம் முழுவதும் சிவந்து வீங்கிச் சுட்டால், எலும்பு உள்ளே நொறுங்கத் தொடங்கும் சார்க்கோ பாதமாக இருக்கலாம். அந்தக் காலை ஊன்றவே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அதுபோல ஒரு கால் சில்லென்று ஆகி நிறம் மாறினாலும் உடனே போக வேண்டும்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு அப்பா வெறுங்காலோடு தார் ரோட்டில் நிற்பார் என்று நினைக்கிறேன், குடியாத்தத்துக்காரர் யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வருடம் காலை வெயிலுக்கு முன்பே கும்பிட்டுவிட்டு வரட்டும், செருப்பைக் கோயில் வாசலில்தான் கழற்றட்டும். மரத்த கால் கொப்புளம் போட்டதை வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது தம்பிக்கு. ‘நம்ம தறியிலேயே முடியாதா’ என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்தத் துறை தொடங்கியதே ஏறத்தாழ அப்படித்தான். 1996-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துப் போன சுந்தரேசன் ஜெயராமனும் அவருடைய குழுவினரும் கடற்படைக்காக ஒரு சட்டை நெய்தார்கள். குண்டு பாய்ந்தால் எங்கே பாய்ந்தது என்று சொல்லும் பிளாஸ்டிக் ஒளியிழையும், உடல்நிலையை எடுத்துச் செல்லும் மின்கடத்தும் இழையும் துணியோடு சேர்ந்தே ஓடின. வெட்டித் தைத்தால் இழை அறுந்துவிடும் என்பதால் சட்டையைக் குழாயாக, கை நுழையும் இடத்தையும் தறியிலேயே விட்டு நெய்தார்கள். நெசவு தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

தம்பி சாக்ஸை விட்டுவிடட்டும். அது பின்னல் வேலை, தறி வேலையே இல்லை. அவர் நெய்ய வேண்டியது மிதிகட்டையின் மேல் போடும் ஒரு பட்டை. அப்பாவின் காலில் எதையும் மாட்டாமல், கால் மிதிக்கிற இடத்தில் சென்சாரை வைக்கலாம். முடிச்சும் பெட்டியும் தோலைத் தொடாது, துவைக்க வேண்டியதும் இல்லை. உள்ளங்கை அகலத்தில் இரண்டு பட்டைகள். பாவு முழுக்கப் பருத்தி. ஊடையில் மட்டும் வெள்ளி பூசிய நைலான் நூலை அரை அங்குலத்துக்கு ஒரு வரியாக விட்டு, நடுவில் பருத்தி. மின்கடத்தும் நூலைப் பாவில் போட வேண்டாம். விழுதிலும் அச்சிலும் உரசி உரசிப் பூச்சு கழன்றுவிடும். ஊடை நூல் ஒரு முறை நாடாவிலிருந்து இறங்கிப் படுத்துக்கொள்கிறது, அதற்கு அந்த அவதி இல்லை. நெய்து முடித்ததும் கஞ்சி போக நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும், கஞ்சிப் படலம் இருந்தால் நூல் நன்றாகத் தொடாது. பிறகு ஒரு பட்டையைக் குறுக்காகத் திருப்பி மற்றதன் மேல் வைத்து, நடுவில் வெலோஸ்டாட் என்ற கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் தாளைச் செருகினால், வரிகள் ஒன்றையொன்று வெட்டும் ஒவ்வொரு இடமும் ஓர் அழுத்த சென்சார். அமுக்கினால் அந்த இடத்து மின்தடை இறங்கும். ஒரு மல்டிமீட்டர் வைத்தே அதைப் பார்க்கலாம். எண்ணி எழுதிக்கொள்ள ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணு போர்டு போதும். காட்பாடி, வேலூர் பக்கம் இறுதியாண்டு புராஜெக்ட் தேடும் பொறியியல் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை. தறி அறிந்த ஒருவரும் சர்க்யூட் அறிந்த ஒருவரும் சேர்ந்து செய்ய ஏற்ற வேலை இது.

அது தரும் எண்ணில் எதை நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மிதி, பாதத்தின் எந்தப் பக்கம் அதிகம், வலதா இடதா என்பதை நம்பலாம். எத்தனை கிலோ என்று காட்டினால் நம்பாதீர்கள். அந்தத் தாளை அமுக்கி விட்டால் மின்தடை பழைய எண்ணுக்கு அப்படியே திரும்பாது, சூட்டுக்கும் நேரத்துக்கும் ஏற்ப எண் நழுவும். எண்ணிக்கை ஒன்றே நமக்குப் போதும். இத்தனை மிதிக்கு ஒரு முறை எழுந்து காலைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பஸர் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பட்டை தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். மிதிகட்டையின் விளிம்பை இழைத்து உருட்டிவிட்டு, மேலே எம்.சி.ஆர். தகடு ஒன்றை ஒட்டிவிடுங்கள். பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்போடு மிதிக்கப் பழக முடியுமா என்று கரிகிரியில் கேளுங்கள். அங்கே போகும்போது அப்பா வீட்டில் போடும் செருப்பையும் வெளியே போடும் செருப்பையும் எடுத்துப் போங்கள். அவர் குழிக்குள் மிதிப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோவாகப் பிடித்து, செருப்பு அளவெடுப்பவரிடம் காட்டுங்கள். நெசவாளர் என்று சொல்லாவிட்டால், நடைக்கு மட்டுமே அளவெடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.